எதுக்கும் ஒரு மூடி

இயற்கை விவசாயிகளில் 'எதுக்கும் இருக்கட்டும்' என்றொரு இனம் உண்டு. வயலில் பார்த்தால் அடையாளம் தெரியாது, மேடையில் பார்க்க வேண்டும். மைக் கைக்கு வந்துவிட்டால் மண்ணைத் தாய் என்பார், மண்புழுவைத் தம்பி என்பார், பூச்சிமருந்துக் கடைக்காரரைக் கொலைகாரன் என்பார். கூட்டம் முடிந்ததும் எங்கே போவார் என்கிறீர்கள்? அந்தக் கொலைகாரனிடம்தான். "நல்லா கேக்கிற மருந்தா ஒண்ணு குடுப்பா. எனக்கில்ல, பக்கத்து வயக்காரருக்கு."

நம்ம ஆளுக்கு ஊர் வைத்த பெயர் மண்புழு அண்ணன். எந்த இலையை எதில் ஊறவைத்து எப்போது தெளிக்க வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சொன்னபடியே ஊறவைப்பார், வடிகட்டுவார், தெளிப்பானில் ஊற்றுவார், இருபுறமும் பார்த்துவிட்டு, கடையில் வாங்கிய அந்த மருந்துப் பாட்டிலிலிருந்து ஒரு மூடியும் ஊற்றுவார். பூச்சி செத்தால் பெருமை இலைக்கரைசலுக்கு. சாகாவிட்டால் பழியும் அதற்கே.

மண்புழுத் தொட்டி மட்டும் அவர் மனைவியின் ராஜ்யம். வீட்டுக் காய்கறிக் கழிவையெல்லாம் நறுக்கிப் போட்டு, ஈரச்சாக்கால் மூடி, வெயில் படாமல் புழுக்களை வளர்த்தவர் அந்த அம்மா. பக்கத்து ஊர் விவசாயிகள் சிலர் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் இனி அவர்கள் தோட்டங்களுக்கெல்லாம் உரம் இந்தத் தொட்டியிலிருந்துதான். அந்த அம்மாவுக்கு வாய்த்த முதல் சொந்தத் தொழில்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள், தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த அம்மா சொல்லிவிட்டுத்தான் போனார். "எறும்பு ஏறுதுங்க. தொட்டியைச் சுத்தி இருக்கிற வாய்க்கால்ல தண்ணி விட்டுடுங்க, போதும்."

"எனக்கே பாடமா? ஊருக்கே சொல்லிக் குடுக்கிறவன்டி நான்."

தண்ணீர் விட்டார். குறை சொல்லக்கூடாது, கரை தளும்ப விட்டார். எறும்பு அப்படியே நின்றுவிட்டது. வேலை முடிந்தது, போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் கை சும்மா இருக்குமா? எதுக்கும் இருக்கட்டும் என்று சாக்கின் மேல் எறும்புப்பொடியைத் தூவி, நன்றாக இறங்கட்டும் என்று அதன் மேலும் தண்ணீர் தெளித்தார்.

மறுநாள் வந்தவர்களை வெயிலில் நிறுத்தி, நஞ்சில்லா உலகம் பற்றி நீளமாகப் பேசிவிட்டுச் சாக்கைத் தூக்கினார். எறும்பு ஒன்றுகூட இல்லை.

"புழு அசையலியே அண்ணே?"

"பகல்ல தூங்கும்."

அப்போதுதான் திரும்பியிருந்த மனைவி குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "என்ன போட்டீங்க?"

"ஒண்ணுமில்ல... எதுக்கும் இருக்கட்டும்னு கொஞ்சமா..."

அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "மன்னிச்சுக்கோங்க. உரம் இல்ல. பேச்சுத்தான் இருக்கு, வேணும்னா அள்ளிட்டுப் போங்க."

அண்ணன் திருந்தினாரா? அடுத்த கூட்டத்திலேயே மைக்கைப் பிடித்து, "மண்புழுவெல்லாம் நம்ம ஊர் சூட்டுக்குத் தாங்காதுங்க. நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன்" என்றார். கைதட்டினார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நீங்கள்தான் விவசாயியே இல்லையே. மாடியில் நாலு தொட்டிக் கீரை, அவ்வளவுதான். மருந்தே காட்டாத கீரை என்று வருகிறவர்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுக்கிறீர்கள், அக்கம்பக்கத்துக் குழந்தைகள்கூட அதைத்தான் சாப்பிடுகின்றன. ரொம்ப சந்தோஷம். மாடிப்படிக்கு அடியில், பழைய செருப்புகளுக்குப் பின்னால், ஒரு பாட்டிலை ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அது எதுக்கு?