ஒன்பதாம் விதியும் வேன் ஜாக்கியும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கையால் எழுதிக் காட்டினால் பத்துச் சந்தேகம் கேட்கிற மனிதர்கள், அதே வாக்கியத்தை அச்சில் பார்த்ததும் ஏன் மறுபேச்சு இல்லாமல் நம்பிவிடுகிறார்கள்? ஏழாம் வகுப்பில் ஒரு பெண் என்னைக் கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை. வரலாற்றில் இரண்டு பட்டம் வாங்கி, இருபத்து மூன்று வருடம் பாடம் நடத்திய பிறகும் தெரியவில்லை. தெரியாது என்று அவளிடமே சொன்னேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நலம் விசாரிக்காமல் கேள்வியோடு தொடங்கியதற்கு மன்னிக்கவும். இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போகிற மன்னிப்பு இது ஒன்றுதான். இங்கே வீட்டில் அனைவரும் சுகம். உன் ரத்த அழுத்தமும் அண்ணியின் முழங்காலும் அடங்கி இருக்கின்றன என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் முதலாவதைக் கொஞ்சம் கிளப்பலாம், ஆகவே உட்கார்ந்து படிக்கவும்.

நீ எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கிறாய் என்பதால் தலைமையாசிரியை முதலில் உனக்குத்தான் போன் செய்திருக்கிறார். நீ உடனே எனக்குப் போன் செய்து, "அச்சடிச்சியாமே" என்றாய், ஏதோ கள்ள நோட்டு அடித்தவளைக் கேட்பது போல. பிறகு, "ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுட்டு வேலையைப் பாரு. கமிட்டியில நான் எப்படித் தலை நிமிர்ந்து உக்கார்றது" என்றாய். போனில் நான் பதில் சொன்னால் நீ நடுவிலேயே "சரி சரி" என்பாய். கடிதத்துக்கு நடுவில் யாரும் "சரி சரி" சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பாடத்தின் பெயர் 'அச்சு இயந்திரமும் இடைக்காலச் சமூகமும்'. பாடப்புத்தகம் அதற்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறது. அச்சு வந்தது, அறிவு பரவியது, இருள் அகன்றது, கோடிட்ட இடத்தை நிரப்புக. ஒன்றரைப் பக்கத்தில் அகன்றுபோகிற இருளை நான் என்றைக்கும் நம்பியதில்லை. நல்ல புத்தகங்களை அடித்த அதே இயந்திரம்தான், பக்கத்து வீட்டுக் கிழவியைச் சூனியக்காரி என்று சந்தேகிக்கச் சொல்லிக் கொடுத்த புத்தகங்களையும் அடித்தது. அதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். "அப்ப அச்சு நல்லதா கெட்டதா மிஸ்?" என்று கேட்டது மேலே சொன்ன அதே பெண்தான். வகுப்பில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். நான், "செஞ்சு பாத்துட்டு நீங்களே சொல்லுங்க" என்றேன். என் குற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த வாக்கியம்தான். தலைமையாசிரியைக்கு இன்றுவரை அது தெரியாது.

வகுப்பில் முப்பத்தாறு பேர். பாதிப் பேர் மடத்தில் உட்கார்ந்து நகலெடுப்பவர்கள், பாதிப் பேர் அச்சுக்காரர்கள் என்று பிரித்தேன். எதை நகலெடுப்பது? அந்தக் காலத்தில் ஊருக்கே ஒரு பிரதிதான் இருக்கும், அதையும் சங்கிலி போட்டு வைத்திருப்பார்கள், நம் பள்ளியில் அப்படி எது இருக்கிறது என்று கேட்டேன். கரும்பலகையில் இருந்து நான் திரும்புவதற்குள் வக்கீல் எழுந்துவிட்டாள். "ரூல் புக் மிஸ். அதைச் சொல்லித்தான் எல்லாரும் திட்டுறாங்க. ஆனா ஒருத்தரும் பாத்ததில்ல." உண்மைதான். பதினோரு வருடமாக அங்கே வேலை பார்க்கிற நானே பார்த்ததில்லை. அலுவலக எழுத்தரிடம் போய்க் கேட்டேன். மேசையின் கடைசி இழுப்பறையில், பழைய ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தார். காக்கி அட்டை போட்ட மெல்லிய நோட்டு, பள்ளி தொடங்கிய முதல் தலைமையாசிரியரின் கையெழுத்து. "இதை ஒருத்தரும் கேட்டதே இல்ல டீச்சர். எடுத்துட்டுப் போங்க. தண்ணி பாட்டில் பக்கத்துல மட்டும் வைக்காதீங்க." ஆக, அண்ணா, நான் எதையும் திருடவில்லை, ஒளித்துக் கொண்டுபோகவும் இல்லை, தண்ணீர் கூடப் படவிடவில்லை.

நகலெடுப்பவர்கள் நாற்பது நிமிடத்தில் பதினோரு பிரதி எடுத்தார்கள். ஒன்று போல் இன்னொன்று இல்லை. ஒரு பையன் பதின்மூன்றாவதாக ஒரு விதியைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடத்தை ஒழித்துவிட்டான். இன்னொருத்தி ஓரத்தில் "கை வலிக்கிறது, பசிக்கிறது" என்று எழுதியிருந்தாள். மடத்துத் துறவிகளும் இதையேதான் ஓரத்தில் எழுதி வைத்தார்கள், நான் அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

அச்சுக்காரர்கள் எழுத்துச் செதுக்க ரப்பர் வேண்டும் என்றார்கள். பழைய செருப்புக் கொண்டுவரச் சொன்னேன். 'பழைய' என்ற சொல்லுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அர்த்தம் போலிருக்கிறது. மறுநாள் ஒரு அப்பா அலுவலகத்துக்கு அவசரமாகப் போகிற வழியில், வலது காலில் நீலமும் இடது காலில் பச்சையுமாகப் பள்ளி வாசலில் வந்து நின்று, "டீச்சர், என் செருப்புல ஒரு வரி கூட எழுதலையே?" என்று கேட்டார். அதில் ஒன்றரை வரி ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. பன்னிரண்டு விதிகளையும் செதுக்கினால் ஊரே வெறுங்காலில் நடக்க வேண்டிவரும் என்பதால் இரண்டு விதி மட்டும் போதும் என்று முடிவாயிற்று. எந்த இரண்டு என்று வகுப்பு வாக்கெடுத்தது. அப்போது நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், மிக நிதானமாகத் துடைத்தேன். வெற்றி பெற்றவை இவை. நான்காம் விதி: தலைமையாசிரியர் வாரம் ஒரு வகுப்புக்கேனும் தாமே பாடம் நடத்த வேண்டும். ஒன்பதாம் விதி: மதிய இடைவேளை ஐம்பது நிமிடம்.

எங்கள் மதிய மணி முப்பத்தைந்தாவது நிமிடத்தில் அடிக்கும். நான் சேர்ந்த நாள் முதல் அப்படித்தான் அடிக்கிறது.

முதல் தாள் இடம் வலமாகத் திரும்பி வந்தது. எழுத்தை இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பதை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் மறுபடி செதுக்கினார்கள். அழுத்தம் போதவில்லை என்பது அடுத்த சிக்கல். புத்தகப் பைகளை அடுக்கிப் பார்த்தார்கள், ஏறி மிதித்துப் பார்த்தார்கள். கடைசியில் பள்ளி வேன் ஓட்டுநர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ரெண்டு டன் தூக்குற ஜாக்கி சும்மாதான் கெடக்கு" என்று கொண்டுவந்து கொடுத்தார். தரையில் ரப்பர் எழுத்துகளை ஒட்டிய எழுத்துப் பலகை, அதன்மேல் தாள், தாளின்மேல் ஒரு கட்டை, கட்டையின்மேல் ஜாக்கி, ஜாக்கிக்கு மேலே ஆசிரியர் மேசை. ஜாக்கி மேலே எழும்பினால் மேசையும் எழும்பிவிடுகிறது என்பதால் மேசைமேல் எடைக்கு நாலு பேர் உட்கார வேண்டும். அந்த நாலு இடத்துக்கு நடந்த போட்டியை நீ எந்தத் தேர்தலிலும் பார்த்திருக்க மாட்டாய். இரண்டு பீரியடில் நூற்று நாற்பது பிரதி. நூற்று நாற்பதும் ஒன்று போல. கடைசிப் பிரதியின்போது தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். நாலு பிள்ளைகளைச் சுமந்துகொண்டு என் மேசை அரை அடி மேலே போவதைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு அவர் தாளைப் படிக்கவில்லை, மேசையை மட்டும்தான் பார்த்தார்.

அன்று மாலையே பிரதிகள் மற்ற வகுப்புகளுக்கும் வீடுகளுக்கும் போய்விட்டன. மறுநாள் மதியம் மணி அடித்தது. ஒருவர் கூட எழவில்லை. விளையாட்டு ஆசிரியர், அவரை எல்லாரும் விசில் சார் என்பார்கள், ஊதிப் பார்த்தார்.

"கிளாஸுக்குப் போங்கடா."

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு சார்."

"யார்ரா சொன்னது?"

"அச்சுல இருக்கு சார்."

தாளை வாங்கிப் படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். "இது என்ன டீச்சர்?" என்றார். ரூல் புக்கில் இருப்பது என்றேன். "புக்குல இருக்கறது வேற, ஊர் பூரா இருக்கறது வேற" என்றார். அண்ணா, நான் ஒரு வாரமாக நடத்திக்கொண்டிருந்த பாடத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார், அவருக்குத்தான் தெரியவில்லை. "ஒம்பதாம் ரூலைக் கூட நான் பொறுத்துக்குவேன். நாலை எதுக்கு எடுத்தீங்க? ஒரு அப்பா போன் பண்ணி, மேடம் நீங்க எந்த கிளாஸ் எடுக்கறீங்கன்னு கேக்கறார்." அந்த அப்பா எந்தக் கலர் செருப்பு போட்டிருந்தார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பிறகு, தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த ஒரு கடிதத்தைத் தள்ளினார். 'மாணவர்கள் மூலம் வெளியிடப்பட்ட பிழையான தகவலுக்கு வருந்துகிறேன்.' நாளைக் காலைக் கூட்டத்துக்கு முன் நான் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும், அதை அவர் எல்லார் முன்னிலையிலும் வாசிப்பார். கொடுக்காவிட்டால் ஏழாம் வகுப்பு வரலாறு விசில் சாருக்குப் போகும்.

நீ கேட்டது இந்தக் கையெழுத்தைத்தான். எனக்கு மன்னிப்புக் கேட்பதில் கூச்சம் கிடையாது. போன மாதம் பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்தார், நான்தான் சாரி சொன்னேன். ஆனால் 'பிழையான' என்று எழுதியிருக்கிறதே, அதில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? இரண்டு வரியும் இருந்தது இருந்தபடி, ஒரு எழுத்துக் கூட மாறாமல், செருப்பில் செதுக்கி, ஜாக்கியில் அழுத்தி எடுத்தது. அது பிழை என்று நான் எழுதிக்கொடுத்தால் முப்பத்தாறு பேரும் என்ன கற்றுக்கொள்வார்கள்? நம்ம கண்ணால பாத்தாலும், நம்ம கையால செஞ்சாலும், பெரியவங்க ஒருத்தர் கோவிச்சுக்கிட்டா அது பொய்யாயிடும்னுதானே? இந்த வகுப்பை இழக்க எனக்கு மனசு இல்லை. மணி அடித்த பிறகும் எழுந்து போகாமல் கேள்வி கேட்கிற வகுப்பு இத்தனை வருடத்தில் எனக்கு இது ஒன்றுதான் வாய்த்தது. ஆனாலும் போடமாட்டேன். கமிட்டியே வந்து என் வாசல்ல வரிசையா உக்காந்தாலும் போடமாட்டேன். நீ அண்ணன் என்ற உரிமையில் சொன்னாய், நானும் தங்கை என்ற உரிமையில் சொல்கிறேன், முடியாது. கமிட்டியில் உனக்குத் தலைகுனிவு என்றால் ரூல் புக்கை மடியில் வைத்துக்கொள், குனிந்து படிக்க வசதியாக இருக்கும்.

அண்ணிக்கு என் அன்பு. பெரியவளுக்கு வேலை சீக்கிரம் நிரந்தரமாகட்டும், சின்னவன் வேளைக்குச் சாப்பிடட்டும். வயதில் மூத்தவன் என்பதால் உனக்கு வணக்கம். மற்ற காரணங்களை இந்தக் கடிதத்துக்கு நீ எழுதும் பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத உன் தங்கை

பி.கு. மேலே உள்ளதைத் தபாலில் சேர்க்கப் பையில் வைத்துக்கொண்டுதான் இன்று காலை பள்ளிக்குப் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வேனில் வரும் பிள்ளைகள் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவார்கள். நான் போனபோது என் மேசைமேல் ஈர மையோடு ஒரு கட்டுத் தாள் இருந்தது. தலைமையாசிரியை நேற்று வகுப்புக்கு வந்து பிரதிகளை மட்டும்தான் பறித்திருக்கிறார், எழுத்துப் பலகையை யாரோ பிய்த்துப் போட்ட செருப்பு என்று நினைத்து விட்டுவிட்டார். பிள்ளைகள் அதைக் கலைக்காமல், மேலே இரண்டு வரியும் கீழே ஒரு வரியும் சேர்த்து மறுபடி அடித்திருந்தார்கள். மேலே பெரிதாக 'மன்னிப்பு' என்று தலைப்பு. அடுத்து, 'கீழே உள்ள விதிகளை எல்லாரும் படிக்கும்படி அச்சடித்ததற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்.' அதன் கீழே நான்காம் விதி, ஒன்பதாம் விதி, முழுதாக. கடைசியில் 'இப்படிக்கு', பக்கத்தில் வெறும் கோடு.

"பேர் செதுக்க ரப்பர் பத்தல மிஸ்," என்றாள் வக்கீல். "யாருக்குத் தேவையோ அவங்க எழுதிக்கலாம்."

ஐரோப்பாவில் முதன்முதலில் அச்சானவற்றில் திருச்சபை காசுக்கு விற்ற பாவமன்னிப்புச் சீட்டுகளும் உண்டு அண்ணா, பெயர் எழுத இடம் விட்டு. நான் இன்னும் அந்தப் பகுதியை நடத்தவே இல்லை.

ஒரு தடவை படித்தேன். 'பிழையான' என்ற சொல் எங்கேயும் இல்லை. இன்னொரு தடவை படித்தேன். கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டேன்.

தலைமையாசிரியை தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே டீச்சர்" என்று வாங்கிக்கொண்டார். அறுநூறு பேர் முன்னால், ஒலிபெருக்கியில், நிறுத்தி நிதானமாக வாசிக்க ஆரம்பித்தார். நான்காம் விதிக்கு வந்ததும் குரல் லேசாக இறங்கியது. ஆனால் மன்னிப்பைப் பாதியில் நிறுத்த யாராலும் முடியாது. முழுவதையும் வாசித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். எழுத்தர் என் பக்கத்தில் வந்து, "ரெண்டு காப்பி குடுங்க டீச்சர், வீட்ல அடிக்கடி தேவைப்படுது" என்றார்.

மதிய மணி ஐம்பதாவது நிமிடத்தில் அடித்தது. வகுப்பு விசில் சாருக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த பீரியட் நான் ஏழாம் வகுப்பில் சூனியக்காரிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை உள்ளே வந்தார். "நாலாம் விதிப்படி வாரத்துக்கு ஒரு வகுப்பு எடுக்கணும். இதையே எடுத்துக்கறேன்" என்றார். அந்த விதியை நூற்று நாற்பது பிரதி நான்தான் அடிக்கவிட்டேன். புத்தகத்தை மூடி அவரிடம் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து நின்றேன். உள்ளே அவர், சாக்பீஸ் எங்கே இருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டார்.