சிப்ஸுக்குத் தீர்ப்புச் சொன்ன நீதவான்

நீதவான் அண்ணை, வேலணையில் உங்களைப்போல நாக்கை நம்பி வாழ்ந்த மனிசன் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது.

அண்ணை நீதிமன்ற வாசலை மிதித்தே அறியாதவர். ஆனால் சந்தியில் நான் வேலை செய்கிற கடை தன் பெயரையே அச்சடித்து விற்கிற உருளைக்கிழங்குச் சிப்ஸை விசாரிக்க, தினமும் நாலு மணிக்கு வந்துவிடுவார். அதனால்தான் அந்தப் பட்டம். பக்கற்றைக் காதடியில் பிடித்துக் குலுக்குவார். மணப்பார். ஒன்றை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். பனங்கட்டியைக் கடித்துப் பால் விடாத பிளேன்ரீ குடித்து வாயைக் கழுவுவார். பிறகு அடுத்த துண்டு.

"பிள்ளை, இது கிழங்கே? சீமெந்துப் பையைப் பொரிச்சு உப்புத் தூவியிருக்கினம்."

"நேற்றும் இதைத்தானே அண்ணை சொன்னனீங்கள். பிறகேன் இண்டைக்கும் வாங்கினனீங்கள்?"

"ஒரு பக்கற்றைத் திண்டுபோட்டுத் தீர்ப்புச் சொன்னால் அது நீதியே?"

இப்படி இரண்டு வருசம் நீதி நடந்தது. ஒரு தூள் மிச்சம் வைத்ததில்லை.

தீர்ப்பைக் கேட்ட சனம் சிப்ஸ் பக்கமே போகாது. களஞ்சிய அறையில் பெட்டிகள் கூரையைத் தொட்டன. முதலாளிக்கு மூளை அபாரம். குற்றவாளி நான் என்று கண்டுபிடித்தார்.

"உந்த மனிசனோடை பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாய். மாசம் முடியிறதுக்குள்ளை உந்தப் பெட்டியள் போகாட்டி நீ வீட்டை போகலாம்."

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அடுத்த வேலையை யார் தட்டில் வைத்துத் தரப்போகிறார்கள்? பக்கத்தில் நின்ற அண்ணை பாதிப் பக்கற்றை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் சிப்ஸை மிச்சம் வைத்ததை அன்றுதான் கண்டேன்.

அடுத்த கிழமை, கோயில் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்த ஒருவர் ஒரு தகர ரின் சிப்ஸோடு கடைக்குள் வந்தார். லண்டன் என்றால் எங்கள் தீவில் கடல் தண்ணியும் இனிக்கும். முதலாளி துள்ளி எழும்பினார். வழக்கம்போல நாலு மணிக்கு வந்து நின்ற அண்ணையின் கண்ணைத் துவாயால் கட்டி, லண்டன் சிப்ஸை ஒரு தட்டிலும் எங்கள் சிப்ஸை மற்றத் தட்டிலும் கொட்டி நீட்டினார்.

"எது லண்டன்? சொல்லுங்கோ பாப்பம்."

அண்ணை இரண்டையும் சப்பினார். எங்கள் தட்டைத் தொட்டு, "இதுதான் லண்டன். என்ன ருசி!" என்றார்.

கடை அதிர்ந்தது. "நீதவானுக்கு நாக்குச் செத்துப்போச்சு!" என்று சிரித்த சனமே, லண்டனை வென்ற பக்கற்றை ஆளுக்கு நாலாய் அள்ளிக்கொண்டு போனது. இரண்டு நாளில் பெட்டிகள் காலி. என் வேலை தப்பியது. அண்ணையின் மானம் தப்பவில்லை. அதற்குப் பிறகு கறிக்கு உப்புப் பார்க்கக்கூட ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

"எப்பிடி அண்ணை உங்கட தீர்ப்புப் பிழையாய்ப் போச்சு?" என்று பிறகொருநாள் கேட்டேன்.

"விசரி! உங்கட சிப்ஸ் ஒரு பக்கம் கருகியிருக்கும். ரெண்டு வருசம் திண்ட நாக்குக்கு அது தெரியாதே? முதலாளிக்குச் சொல்லிப்போடாதை."

சொல்லவில்லை அண்ணை. நீங்கள் கண்மூடி, போன கிழமை உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. இப்போது ஊருக்கே சொல்லிவிட்டேன், கோவியாதேங்கோ.

வாசிக்கிறவர்களே, விளக்கு வைக்கிற நேரம் உங்கள் சாமியிடம் அவருக்காக ஒரு சொல் சொல்லுங்கள். அந்த மனிசன் வாழ்நாளில் ஒரேயொரு பொய்த் தீர்ப்புச் சொன்னவர். அது எனக்காக. அதை மன்னித்து, அவரை நல்லாய் வைத்திருக்கச் சொல்லுங்கள்.