விஷவாயு ஹவில்தார்

ஆரணியில் ஓர் ஆளைப் பார்த்ததும் நாலு பேர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போகிறார்கள் என்றால், அவர் எங்கள் பட்டுக் கடை வாட்ச்மேன் விஷவாயு ஹவில்தாராகத்தான் இருப்பார். இப்படி அறுக்கிற மனிதரை இந்த ஜில்லாவே பார்த்ததில்லை.

பட்டாளத்தில் மருத்துவப் பிரிவில் இருந்தாராம். எதிரி நரம்பைத் தாக்கும் விஷவாயு அடித்தால் எப்படிப் பிழைப்பது என்று சிப்பாய்களுக்குப் பாடம் எடுத்தாராம். எதிரி கடைசிவரை அடிக்கவில்லை. அந்தக் குறையை எங்கள்மேல் தீர்த்துக்கொண்டார்.

முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்களிடம், "எச்சில் ஊத்தும், மூச்சு அடைக்கும், கண்மணி கடுகாட்டம் சுருங்கிடும். ஒடனே தொடையில அட்ரோபின் ஊசி!" என்பார். பாதிப் பேர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். ஊசி போடும் முறையைக் காட்டுகிறேன் என்று, புடவை விரித்துக்கொண்டிருந்த என் தொடையில் பேனாவால் ஒரே குத்து. புது வேட்டி போச்சு. "துணிமேலயே குத்தலாங்க. சண்டையில அவுக்க டைம் ஏது?" என்றார் பெருமையாக.

ஒரு கல்யாணத்தில் ஹோமப் புகைக்குப் பெண் கண்ணைக் கசக்கியதும், "காத்து வர்ற பக்கமா ஓடுங்க!" என்று கத்தினார். மாப்பிள்ளை வீட்டார் நிஜமாகவே ஓடினார்கள். திரும்பக் கூட்டி வர நாதஸ்வரக்காரரை அனுப்ப வேண்டியதாயிற்று.

போன வருஷம் படவேட்டிலிருந்து என் மச்சினன் கடைக்கு வந்தான். காலையெல்லாம் கத்தரித் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, அதே சட்டையோடு பஸ் ஏறியிருக்கிறான். வேர்த்துக் கொட்ட, வாயில் எச்சில் ஒழுக, தள்ளாடி வாசலிலேயே உட்கார்ந்தான்.

"காலைலயே ஊத்திகினு வந்துட்டியா? மானத்த வாங்காதடா!" என்று திட்டினேன்.

ஹவில்தார் குனிந்து அவன் கண்ணைப் பார்த்தார். "குடிச்சதில்லைங்க, பூச்சிமருந்து ஏறிகினு இருக்குது! ஜல்தி, தண்ணி, சோப்பு!"

புடவைக் கவர்களைக் கையில் மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர்கள் கண்ணெதிரிலேயே அவன் சட்டையைக் கிழித்தெடுத்தார். "வெறுங்கையால தொடாதீங்க!" என்று என்னை அதட்டினார். வாசல் குழாயில் தேய்த்துக் குளிப்பாட்டி, ஆட்டோவில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வழியெல்லாம் எச்சிலைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா முன் விறைப்பாக நின்று, "பூச்சிமருந்து, மேடம்!" என்றார். டாக்டரம்மா டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டு உடனே அட்ரோபின் ஏற்ற ஆரம்பித்தார். சாயங்காலம், "பிழைச்சுக்குவார்" என்றார்.

வராந்தாவில் முதன்முறையாக நானே ஹவில்தாரிடம் பேச்சுக் கொடுத்தேன். "பட்டாளத்துல இப்படி எத்தினி பேரைக் காப்பாத்தினீங்க?"

"ஒருத்தரும் இல்லைங்க. அந்த வாயுவும் இந்த மருந்தும் ஒரே குடும்பம்னு சொல்லிக்குடுத்ததோட சரி. நெஜத்துல பாத்தது இன்னிக்குத்தான். செத்துடுவான்னு பயந்துட்டேங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டீ வந்த பிறகும் விடவில்லை.