பிறேக் டிறம்முக்குத் தேங்காயெண்ணெய் வைச்ச கதை

புதுச் சட்டியை அப்பிடியே கொண்டுபோய் அடுப்பில வைக்கக் கூடாது. கழுவி, காயவைச்சு, உள்ளுக்கு எண்ணெய் தடவி, பழக்கித்தான் கறி வைக்கோணும். இல்லாட்டி வெடிக்கும், இல்லாட்டி அடிப்பிடிக்கும். இது பொம்பிளையாப் பிறந்த எல்லாருக்கும் தெரியும். கார்ச் சில்லுக்குள்ள இருக்கிற சட்டிக்கு மட்டும் இந்தச் சட்டம் செல்லாதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டன். அந்த நாளையில எனக்கு வாய் மட்டும்தான் இருந்தது, காது பேந்துதான் முளைச்சது.)

நாங்கள் அப்ப உப்புவெளியில இருந்தனாங்கள். இவர், அதுதான் என்ர மனுசன் (பேர் நான் சொல்ல மாட்டன், மற்றவை கூப்பிடேக்க கேட்டுக்கொள்ளுங்கோ), ஹயருக்கு, வாடகைக்கு, கார் ஓடினவர். பழைய ஏ போட்டி (A40) கார். வெள்ளைக்காரன் நேவியை மூட்டை கட்டிக்கொண்டு போகேக்க விட்டுட்டுப் போனது, எத்தினையோ கை மாறி எங்கட கைக்கு வந்தது. வெளிநாட்டுச் சாமான் ஒண்டும் வராத காலம். பாணுக்கும் வரிசை, சீலைக்கும் வரிசை. கார்ச் சாமானுக்கு வரிசையும் இல்லை. வரிசையில நிண்டாலும் குடுக்கிறதுக்கு அங்க என்ன கிடக்கு?

அந்த நேரத்திலதான் என்ர தங்கச்சி பூமணிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை உவர்மலையில, துறைமுகத்தில கிளாக்கு வேலை. நல்ல பெடியன். ஆனால் தாய்க்காரி சிவபாக்கியம் மாமியை நினைச்சால் எனக்கு இப்பவும் சீலை நழுவும். ஒரு வீட்டுக்குப் பொம்பிளை பார்க்கப் போனவ, அந்த வீட்டு நாய் மரியாதை இல்லாமக் குரைச்சுதெண்டு திரும்பி வந்திட்டா. இன்னொரு இடத்தில பொம்பிளை வீட்டுக்காரர் அனுப்பின கார் கிரீச் கிரீச் எண்டு கத்திக் குலுக்கி, மாமி அவையின்ர படலையடியிலேயே சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்திட்டா. "வாசலிலேயே சத்தி வந்த வீட்டில என்னெண்டு சம்பந்தம் வைக்கிறது?" எண்டு அதையும் விட்டாச்சு. பூமணிக்கு முந்தியே ரெண்டு இடம் தட்டிப் போனது. இதுவும் போச்செண்டால் பிள்ளை கிணத்தடியில இருந்து அழுதே கிணத்தை நிரப்பிப்போடுவாள்.

மாமி சொல்லி அனுப்பினா: "வெள்ளிக்கிழமை பின்னேரம் கார் அனுப்புங்கோ. சத்தம் போடாத கார் வேணும்."

எங்கட நாயைக் கொண்டுபோய் லிங்கநகரில ஒரு சொந்தக்காரர் வீட்டில கட்டியாச்சு. கார் ஒண்டுதான் மிச்சம். அது பிறேக் அடிச்சால் போதும், பின்பக்கம் இருந்து கர்ர்ர்ர் எண்டு ஒரு சத்தம். அலுமாரியை இழுத்துக்கொண்டு ஓடுற மாதிரி.

இவர் பின்சில்லைக் கழட்டினார். உள்ளுக்கிருந்து ஒரு சாமானை இழுத்தெடுத்து நிலத்தில வைச்சார். எனக்கெண்டால் ஒரே ஆச்சரியம். சட்டி! இரும்புச் சட்டி!

"இதுதான் பிறேக் டிறம். உள்ளுக்கு ரெண்டு ஷூ இருக்கு. பிறேக் அடிச்சால் அது விரிஞ்சு டிறம்மை உள்பக்கத்தால அமத்திப் பிடிக்கும், சில்லு நிக்கும். இஞ்ச பார், தேஞ்சு வாய்க்கால் வெட்டின மாதிரிக் கிடக்கு."

"நானும் வாறன் வாங்க" எண்டன்.

"உனக்கென்ன தெரியும்?"

"சட்டி தெரிஞ்செடுக்க உங்களுக்கென்ன தெரியும்? போன கிழமை நீங்கள் வாங்கியந்த கத்தரிக்காய்க்குள்ள ஒரு குடும்பமே குடியிருந்தது."

நான் விளக்குமாத்தில ஒரு ஈர்க்கை இழுத்து, பழைய டிறம்மின்ர வாய்க்குள்ள வைச்சு, சரியா அளந்து முறிச்சு, கொண்டைக்குள்ள குத்திக்கொண்டு வெளிக்கிட்டன். (எனக்கு எழுத்து இலக்கம் ஒண்டும் தெரியாது. ஈர்க்கு இருக்கேக்க ஏன் தெரியோணும்?)

கன்னியா றோட்டில காசிம் நானா எண்டு ஒருத்தர், கிண்ணியா ஆள், பழைய காருகளை உடைச்சு விக்கிறவர். அவற்ற வளவுக்குள்ள டிறம்மெல்லாம் சந்தையில பானை அடுக்கின மாதிரி அடுக்கிக் கிடந்தது. எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. கொண்டையில இருந்த ஈர்க்கை உருவி ஒவ்வொண்டுக்குள்ளயும் விட்டுப் பார்த்தன்.

நானா சிரிச்சார். "தங்கச்சி, அது எதை அளந்த குச்சி?"

"எங்கட பழைய டிறம்மை."

"தேஞ்சு வாய் விரிஞ்சதை அளந்துக்கிட்டு, அதே மாதிரித் தேஞ்சதையா தேடுறீங்க? விளிம்பில தேயாத இடம் ஒண்டு இருக்கும். அங்க அளக்கணும். கொண்டாங்க." எண்டு ஈர்க்கு நுனியில ஒரு நெல்லளவு முறிச்சுத் தந்தார்.

இவர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிண்டார். தோள் மட்டும் குலுங்கினது. சிரிக்கிறாராம்.

இவர் எடுத்தது நல்ல வடிவான, கறுப்பு மை பூசின ஒரு சோடி. நான் விடேல்லை. ரெண்டையும் தூக்கிப் பிடிச்சு, ஸ்பானரால ஒரு தட்டு. ஒண்டு 'ணங்' எண்டுது. மற்றது 'டொக்' எண்டுது.

"இது வெடிச்ச சட்டி" எண்டன்.

"விசர்க் கதை கதைக்காதை" எண்டார் இவர்.

நானா மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு, அதுக்கு மேல சாம்பலைத் தூவி ஊதினார். தலைமயிர் மாதிரி ஒரு கோடு தெரிஞ்சுது. வெடிப்பு! "தம்பிராசா, இனி நீங்க வீட்டில இருங்க, தங்கச்சியை அனுப்புங்க" எண்டார். எனக்குத் தலை தென்னை உயரத்துக்கு வளந்திட்டுது. அந்த வளந்த தலை செய்த வேலைதான் பேந்து நடந்ததெல்லாம்.

வெடிக்காத, வாய்க்கால் விழாத ஒரு சோடியாத் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டு வந்தம். இவர் புது டிறம்மை விறாந்தையில வைச்சிட்டு, பழையதையே திரும்பப் பூட்டிக்கொண்டு ஒரு ஹயருக்குக் கந்தளாய்ப் பக்கம் போக வேண்டி வந்தது. "முன்பிறேக் இருக்கு, ஆறுதலாப் போய் வாறன். நாளைக்கு விடியப் பூட்டுவம்" எண்டிட்டுப் போயிட்டார்.

இப்ப நீங்களே சொல்லுங்கோ. கடல் பத்தடியில. உப்புக்காத்து. எங்கட ஊரில கத்தரிக்கோலை மேசையில வைச்சிட்டு ஒரு நித்திரை கொண்டு எழும்பினால் கத்தரிக்கோல் சிவப்பாக் கிடக்கும். பூட்டு, கத்தி, தோசைக்கல்லு, எல்லாத்துக்கும் எண்ணெய் வைக்கிறதுதான் உப்புவெளிப் பொம்பிளையளின்ர வேலை. அந்தச் சட்டி ரெண்டையும் அம்மணமா விட்டுட்டு நான் என்னெண்டு இருக்கிறது?

அரிசி கழுவின தண்ணியில கழுவினன். வெயில்ல வைச்சன். தேங்காயெண்ணெய் எடுத்து உள்பக்கம் முழுக்க வடிவாத் தேய்ச்சு, அடுப்பில சூடு காட்டி, ஊறினாப்போல இன்னொருக்காத் தேய்ச்சன். நடுவில பெரிய ஓட்டை இருந்தபடியால்தான் தேங்காய்ப்பூப் போட்டு வறுக்கேல்லை. இல்லாட்டி அதையும் செய்திருப்பன். பேந்து துணியால துடைச்சுவிட, பளபள எண்டு கலியாணப் பொம்பிளை மாதிரி இருந்தது.

விடிய இவர் தூக்கிப் பார்த்தார். "நானா நல்லாப் பொலிஷ் பண்ணித்தான் தந்திருக்கிறார்." எண்ணெய் மணம் அவருக்குப் பிடிபடேல்லை. குசினிக்குள்ள நாங்கள் மாமிக்குப் பயித்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தனாங்கள், ஊரே எண்ணெய் மணந்தது. பூட்டி முடிச்சு, என்னைச் சில்லைக் கையால சுத்தச் சொல்லிப்போட்டு, காலால பிறேக்கை அமத்திப் பார்த்தார். ஒரு சத்தம் இல்லை.

"பார்த்தியே! கர்ர் எண்ட சத்தமே போச்சு!" எண்டு இவர் துள்ளினார். நானும் துள்ளினன். பூமணியும் துள்ளினாள். (சத்தம் மட்டுமோ போனது!)

பின்னேரம் உவர்மலைக்கு வெளிக்கிட்டம். பிறேக் அடிக்கிற நேரமெல்லாம் இவர் மூக்கைச் சுழிச்சார்.

"பலகாரத்தையும் மடியில வைச்சுக்கொண்டு வாறியோ?"

"இல்லையே."

"ஆரோ வடை சுடுறாங்கள். றோட்டு முழுக்கச் சுடுறாங்கள்."

நான் யன்னலுக்கால வெளியில பார்த்தன். சட்டி நல்லாப் பழகுதெண்டு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை.

மாமியின்ர வீட்டு வாசல் நல்ல சரிவு. கீழ போனால் நேர உள்துறைமுகக் கரை. மாமி வந்தா, பின்சீற்றில ஏறி இருந்தா, ஒரு தேசிக்காயை (எலுமிச்சங்காயை) மூக்கில வைச்சா, கண்ணை மூடினா.

"காரில நான் கண் திறக்கிறதில்லைத் தம்பி. திறந்தால் சத்தி வரும். உப்புவெளி வந்தாப்பிறகு சொல்லுங்கோ" எண்டா. அப்பிடிச் சொன்னவ, "ஐயோ, என்ர வெத்திலைப் பெட்டி!" எண்டா.

இவர் மரியாதைக்குத் துள்ளி இறங்கினார். கைப்பிறேக்கை மேல வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் இறங்கினவர், அதில பிழை சொல்லேலாது. வெத்திலைப் பெட்டிக்கும் தையல் பெட்டிக்கும் இவருக்கு வித்தியாசம் தெரியாதெண்டு நானும் பின்னால போனன். ஆனால் கைப்பிறேக் எண்டது பின்சில்லு ரெண்டையும்தான் பிடிக்குமாம். பின்சில்லு ரெண்டும் என்ர தேங்காயெண்ணெயில குளிச்சுக்கொண்டு இருக்கு.

வெளியில வந்து பார்த்தால் காரைக் காணேல்லை.

போகுது! பின்பக்கமா, சரிவில, ஆறுதலா, தேர் போற மாதிரிப் போகுது! ஷூ கொஞ்சம் பிடிக்குது, கொஞ்சம் வழுக்குது, அதனால ஓட்டமும் இல்லை, நிப்பும் இல்லை. எஞ்சின் நிப்பாட்டினது, சத்தமும் இல்லை. உள்ளுக்கு மாமி, மூக்கில தேசிக்காய், கண் மூடினபடி, நேரா நிமிந்து இருக்கிறா.

"பிறேக்! பிறேக்!" எண்டு கத்திக்கொண்டு இவர் ஓடினார், காருக்குக் காது கேக்கும் எண்ட மாதிரி. பின்னால நான் வெத்திலைப் பெட்டியோட. கிணத்தடியில முகம் வழிச்சுக்கொண்டு நிண்ட மாப்பிள்ளை ஒரு கன்னம் வழிச்சு, ஒரு கன்னம் சவுக்கார நுரையோட, சாரத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு எங்களை முந்திக்கொண்டு ஓடினார். றோட்டோரம் நிண்ட ஒரு மனிசன் மாமியைக் கண்டிட்டு, மடிச்சுக் கட்டின சாரத்தை இறக்கிவிட்டு, குனிஞ்சு மரியாதை செய்தார். மாமி பெரிய இடத்துக்குப் போறாவாக்கும் எண்டு நினைச்சிருப்பார். கார் அவரையும் தாண்டி, கீழ் றோட்டையும் தாண்டி, ரெண்டு ஆட்டையும் விலத்தி, புளுக் எண்டு கடலுக்க இறங்கி, அரைச் சில்லுத் தண்ணியில நிண்டுது.

பக்கத்தில ஒரு கிழவன் தோணிக்குள்ள இருந்து கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தார். கதவுக் கீழால தண்ணி வந்து மாமியின்ர கால் நனைஞ்சுது. மாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தா.

"உப்புவெளி வந்திட்டுதோ?"

கிழவன் காரைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "இல்லை அம்மா. இன்னும் கொஞ்சம் போகோணும்" எண்டார்.

துறைமுகத் தொழிலாளியள் வந்து மாமியோட சேத்துக் காரைத் தள்ளிக் கரையில விட்டினம். (இறங்கச் சொல்லி ஆர் அவவுக்குச் சொல்லுறது?) இவர் மணலில இருந்து சில்லைக் கழட்டினார். டிறம்முக்குள்ள விரலை விட்டார். மணந்தார். நாக்கில வைச்சுப் பார்த்தார். பேந்து ஆறுதலா என்ர பக்கம் திரும்பினார்.

"தேங்காயெண்ணெய்."

"ஓம். நல்ல எண்ணெய். வீட்டில காய்ச்சினது."

"ஏன்?"

"துருப்பிடிக்கக் கூடாதெண்டு…"

இவர் தலையில கை வைச்சுக்கொண்டு கடலைப் பார்த்தார். எனக்குப் பூமணியின்ர முகம் கண்ணுக்குள்ள வந்திட்டுது. ரெண்டு இடம் தட்டிப் போச்சு, மூண்டாவதை நான் கடலில தள்ளிப்போட்டன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை, பாதிக் கன்னத்தில நுரை காஞ்சு வெள்ளையா நிக்க, விழுந்து விழுந்து சிரிக்கத் துடங்கினார். சிரிச்சுக்கொண்டே வீட்டை ஓடி, தன்ர சவுக்காரத்தைக் கொண்டுவந்து தந்தார். இவரும் மாப்பிள்ளையுமா டிறம்மைத் தேய்ச்சுக் கழுவி, ஷூவை அரத்தாள் போட்டு உரசி, நெருப்பில காட்டிப் பூட்டினவை.

நான் மாமிக்குக் கிட்டப் போய், "மாமி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ…" எண்டு துடங்கினன்.

மாமி கையைக் காட்டி நிப்பாட்டினா. அவவின்ர முகம், ஐயர் சூடம் காட்டேக்க கும்பிடுறவையின்ர முகம் மாதிரி இருந்தது.

"பிள்ளை, எனக்குச் சத்தி வரேல்லை."

"ஆ?"

"என்ர வயசுக்கு இண்டைக்குத்தான் ஒரு காரில சத்தி வராமப் போயிருக்கிறன். குலுக்கேல்லை. கத்தேல்லை. பட்டு மாதிரி. இப்பிடிக் கார் ஓடுற மனிசன் இருக்கிற வீடு நல்ல வீடாத்தான் இருக்கும். நட, பொம்பிளையைப் பார்ப்பம்."

கார் ஓட ஆளே இல்லை மாமி எண்டு சொல்ல வாய் வந்தது. வாழ்க்கையில முதல் தரமா வாயை மூடினன்.

பூமணிக்குக் கலியாணம் நடந்தது. மாமியின்ர கால் நனைஞ்ச கதையை மாப்பிள்ளையே தாலி கட்டின கையோட பந்தலில எல்லாருக்கும் சொன்னார். கார் தானா ஓடினதெண்டதை மாமி மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளேல்லை. கண்ட நேரமெல்லாம் இவற்ற காரில ஏறி இருந்துகொண்டு, எஞ்சின் துடங்கினவுடன பின்னால இருந்து தோளில தட்டுவா: "தம்பி, உந்தச் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு ஓடுங்கோ. அண்டைக்கு ஓடினீங்களே, அப்பிடி."

மாமியும் போயிட்டா, காரும் போயிட்டுது. இப்ப பேரப்பிள்ளையள் ஓடுற வான் வண்டியில ஏறினாலும், எஞ்சின் உறுமினவுடன பின்சீற்றில இருந்து ஆரோ ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லாம விடமாட்டார். அனேகமா அது நான்தான்.