ஃபெயில் போட்டது யார்?

அந்த இலவச ஆன்லைன் படிப்பில் உலகம் முழுக்க லட்சம் பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவராகக் கம்பி நீட்டி, கடைசியில் மிஞ்சியது ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்தான்.

அங்கேதான் சிக்கல். பாடம், வாதம் செய்யும் கலை. வாத்தியார் கடல் கடந்து எங்கோ இருப்பவர். லட்சம் கட்டுரைகளை அவர் ஒருவரே எப்படித் திருத்துவார்? அதனால் மாணவர்களே ஒருவர் கட்டுரையை ஒருவர் திருத்த வேண்டும் என்று முதலிலேயே விதி. இரண்டு பேர் பாஸ் போட்டால் சான்றிதழ். அந்த இரண்டு பேருக்கு மெக்கானிக் எங்கே போவார்?

தட்டச்சு, நீச்சல், கிடார் என்று தொட்டதையெல்லாம் பாதியில் விட்ட மனிதர் அவர். இதையாவது முடித்துவிட வேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தார். மனைவியிடம் போய் நின்றார்.

"நீயும் சேர்ந்துடேன். என் கட்டுரையைத் திருத்தினா போதும்."

"உங்ககூட வாதம் பண்ண நான் தனியா வேற படிக்கணுமா?" என்றாள். ஆனாலும் சேர்ந்தாள்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, திருத்துகிறவரும் ஒரு கட்டுரை எழுதியாக வேண்டும். அதைத் திருத்தவும் இரண்டு பேர் வேண்டும். வேறு வழியில்லாமல், கூடவே இருந்த மாமனாரையும் இழுத்துப் போட்டார்கள். ரிட்டையர் ஆனதிலிருந்து ஜன்னலோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மனிதர்.

தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பள்ளிக்கூடம் நடந்தது. மாமனாருக்கு வரிக்கு வரி சந்தேகம். மெக்கானிக் விளக்கி முடிப்பதற்குள் அடுப்பில் இருந்தது தீய்ந்துவிடும்.

ஒருவழியாக முடிவு வந்தது. மனைவி பாஸ். மாமனாரும் பாஸ். மெக்கானிக்குக்கு ஒரு பாஸ், ஒரு ஃபெயில். போட்டது யார் என்று மட்டும் கம்ப்யூட்டர் சொல்லவில்லை.

"நீதானே?" என்று மனைவியிடம் பாய்ந்தார்.

"ஆதாரம் இருக்கா?"

"உன் மூஞ்சியே சொல்லுதே."

"மூஞ்சியெல்லாம் ஆதாரம் ஆகாதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

மெக்கானிக் கட்டுரையைத் திருத்தி எழுதினார். மறுபடியும் ஒரு ஃபெயில். மூவரும் உட்கார்ந்து அலசியபின், முழுசாக மாற்றி எழுதினார். அதற்கும் ஒரு ஃபெயில். மனைவியோடு பேச்சு வார்த்தையே நின்றுபோனது.

கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்தார். "விட்டுடறேன். எனக்கு முடிக்கற ராசியே கிடையாது."

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு மனசு தாங்கவில்லை. கோபத்தை மறந்து தன் போனை நீட்டினாள். அதில் ஒவ்வொரு முறையும் அவள் பாஸ்தான் போட்டிருந்தாள்.

இருவரும் மெல்ல எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். மாமனார் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"கட்டுரையில ஒரு குறையும் இல்லை மாப்பிள்ளை. பாஸ் போட்டுட்டா நாளைலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் எழுந்து போயிடுவீங்களே, அப்புறம் நான் யார்கூட பேசறது?"