ஆடி வெள்ளியில் கருப்புத் தொப்பி

மதிப்பிற்குரிய லட்சுமிகாந்தம் அத்தான் அவர்களுக்கு, சிவகாசியிலிருந்து மைத்துனன் சங்கரலிங்கம் எழுதுவது. இங்கே நானும் அச்சு மெஷின்களும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். சென்னையில் அக்காவின் முழங்கால் வலி குறைய முருகன் அருள் புரியட்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், உங்கள் மகள் கீர்த்திகாவால் என் சீசன் போச்சு. "மாமா, காலண்டரைச் செல்போனுக்குள்ள கொண்டுபோவோம், புதுசா யோசிக்க ஒரு முறை இருக்கு" என்று ஆறு தொப்பியோடு வந்து இறங்கினாள். மஞ்சள் தொப்பி போட்டால் நல்லதை மட்டும் சொல்ல வேண்டுமாம், பச்சை போட்டால் புதுசு புதுசாய் அள்ளிவிடலாமாம், குறை சொல்ல வேண்டுமென்றால் கருப்பைப் போட்டுக்கொண்டுதான் சொல்ல வேண்டுமாம். அன்றைக்கு ஆடி வெள்ளி அத்தான்! விளக்கேற்றி வைத்த தொழில் இடத்தில் எவன் கருப்பைத் தலையில் வைப்பான்? மேனேஜர் முத்துக்கிருஷ்ணன் அதைக் கையால் தொடாமல் ஸ்கேலால் தள்ளி மேசைக்கு அடியில் போட்டார். ஆக, மூன்று மணி நேரம் எங்கள் ஆபீசில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் எதைச் சேர்க்கலாம், எதைத் தலைகீழாக்கலாம், எதை நீக்கலாம் என்று கலர் கலராய்ச் சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டினோம். நீக்கும் வரிசையில் "கடை விளம்பரம்" என்று ஒரு சீட்டு. செல்போனில் விளம்பரம் வந்தால் எரிச்சல்தானே என்று எல்லோரும் கைதட்டினோம். காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கிற அய்யம்மாள் மட்டும் எழுந்து, "ஏன் பாப்பா, கடைப் பேரு இல்லாட்டி..." என்று ஆரம்பித்தாள். "குறைன்னா கருப்புத் தொப்பி போட்டுட்டுச் சொல்லுங்கக்கா" என்றாள் உங்கள் மகள். "வெள்ளிக்கெழமையா? வேண்டாம் தாயி" என்று அய்யம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தானே புதுக் காலண்டர் மாதிரி ஆல்பம் காட்டிக் கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடிப்போம்? முதல் ஆர்டர் விருதுநகர் பருப்பு வியாபாரி செந்தூர்பாண்டி அண்ணாச்சியுடையது. அவர் கொடுத்தால்தான் மற்றவர்களும் கொடுப்பார்கள். கீர்த்திகா செய்து தந்த மாதிரிக் காலண்டரோடு பெருமையாய்ச் செல்போனை நீட்டினேன். தேதியைத் தள்ளினார், நல்ல நேரம் பார்த்தார், மேலும் கீழும் தேடினார்.

"ஏலே சங்கரலிங்கம், என் கடைப் பேரு எங்கனலே?"

"நீக்கிட்டோம் அண்ணாச்சி."

"ஊரு பூராத்துக்கும் நான் சும்மா குடுக்கது தேதி பாக்கவாலே? என் பேரு வருசம் பூரா அவுக செவத்துல தொங்கணும்லா!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர் அச்சகத்துக்குப் போய்விட்டார். வயிறு எரியுது அத்தான். மூணு மாசம் மெஷின் நின்னா அறுபது பேருக்கு நான் எங்கன போயி வேலை குடுக்க? கீர்த்திகாவைக் கண்டிச்சு வையுங்க. இனி அவ கல்யாணப் பத்திரிகை அடிக்க மட்டும் இங்கே வந்தாப் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் எல்லோரையும் முருகன் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
சங்கரலிங்கம்

பின்குறிப்பு: மனசு ஆறாமல், உறையை ஒட்டுமுன் இதை அய்யம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் குனிந்து, மேசைக்கு அடியிலேயே கிடந்த கருப்புத் தொப்பியை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு, "மொதலாளி, அந்த விளம்பரச் சீட்டை எழுதுனது நீங்க, பாப்பா இல்ல" என்றாள். சுவரில் போய்ப் பார்த்தேன். என் கையெழுத்துதான். அண்ணாச்சிக்குப் போன் போட்டு என் தப்பையும், அய்யம்மாள் அன்றைக்கே தடுக்கப் பார்த்ததையும் சொன்னேன். "அந்த அம்மாவப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பேசுறதுன்னா திங்கக்கெழம வாரேன்" என்றார். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, கீர்த்திகாவை உடனே அனுப்பி வைக்கவும். இந்தத் தடவை ஆறு தொப்பியையும் கருப்பாகவே கொண்டுவரச் சொல்லவும்.