செவலையின் மூக்கு

காமன் கூத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அதுவரை கவுச்சியை மனத்தால்கூடத் தொடுவதில்லை என்று மாடசாமி தேயிலைத் தோட்டத்து லய வரிசைவீட்டு ஆட்கள் எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தார். இந்த வருஷம் மதன் வேஷம் அவருக்கு. ஏழு வருஷம் கெஞ்சிக் கிடைத்த வேஷம். விரதம் கெட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

சத்தியம் நான்கு நாள் தாங்கியது. பாண் ரொட்டிக்கு எல்லோரும் வரிசையில் நின்ற பஞ்ச வருஷம் அது. ஐந்தாம் நாள் பாண் வாங்கப் பண்டாரவளைக்குப் போன மாடசாமி, புஹாரி நானாவின் கடையில் தொங்கிய கட்டாக் கருவாட்டைப் பார்த்தார். கருவாடும் அவரைப் பார்த்தது. பாண் கிடைக்கவில்லை; கருவாடு கிடைத்தது.

மனைவி பெரியாயிக்கு அவர் பயப்படவில்லை. அவள் மூக்கு அடுப்புப் புகையில் மழுங்கிப் போனதாக அவர் எண்ணம். அவர் பயந்ததெல்லாம் வீட்டு நாய் செவலைக்குத்தான். போன வருஷம் அவர் எங்கேயோ மீன் தின்றுவிட்டு வந்தபோது, அது அவர் வாயையும் கையையும் விடாமல் மோந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவிடம் போய், நாய்க்கு எப்படித்தான் தெரிகிறது என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டார். மூக்குக்குப் பின்னால் மூளையில் ஒரு மொட்டு இருக்கிறதாம். வாசத்தை வாங்கிப் பிரிப்பது அதன் வேலையாம். மனுஷனுக்கு அது சின்னது, நாய்க்குப் பெரிது. நமக்குச் சாம்பார் மணக்கிற இடத்தில் நாய்க்குப் புளி தனி, மல்லி தனி, பெருங்காயம் தனி. வெற்றிலை போட்டு மறைக்கிற கதையெல்லாம் அதனிடம் நடக்காது. மாடசாமியின் முகம் வாடியது.

"ஆனா ஒரே வாசம் வந்துக்கிட்டே இருந்தா, மூளை அதைக் கண்டுக்காம விட்டுரும்," என்றார் ஐயா. "பக்டரிக்குள்ள போனதும் தேயிலை மணக்குது. கொஞ்ச நேரம் போனா மணக்குதா?"

"இல்லீங்க ஐயா," என்ற மாடசாமி திரும்பி வரும்போது பாதி மதனாகவே நடந்தார்.

அன்றிலிருந்து ஒரு துண்டுக் கருவாடு காகிதப் பொட்டலமாக அவருடைய கோட்டுப் பையில் குடியிருந்தது. அப்புத்தளைப் பக்கத்துக் குளிருக்குக் கோட்டைக் கழற்றாததை யார் கேட்கப்போகிறார்கள்? காலையும் மாலையும் செவலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முதல் நாள் அது பையைப் பிறாண்டியது. மூன்றாம் நாள் கொட்டாவி விட்டது. நாய்க்கு மூளை இருப்பதை யோசித்தவர், தனக்கும் ஒன்று இருப்பதை மறந்துவிட்டார்.

பெரியாயி அந்த நாட்களில் மதன் உடுப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பைப் பிடித்துத் தைத்தாள், தோளைப் பிடித்துத் தைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, விரதம் இருக்கிற உடம்பு மெலியத்தானே செய்யும் என்றாள். மாடசாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் மீதிக் கருவாட்டைச் சுட்டுத் தின்றார். வீட்டுக்கு வந்து, பெரியாயி பார்க்கும்படியாகச் செவலையின் மூக்குக்கு நேரே கையை நீட்டினார். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"பாத்தியா புள்ள? விரதம்னா இப்படி இருக்கணும்."

"ஆமாங்க," என்றாள் பெரியாயி. "கோட்டைக் கழட்டிட்டு உடுப்பைப் போட்டுப் பாருங்க."

உடுப்பின் கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. பொத்தானும் துளையும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன.

"என்ன புள்ள, இப்படியா புடிப்ப? நான் இவ்வளவா மெலிஞ்சிட்டேன்?"

"நீங்க எங்க மெலிஞ்சீங்க?" அவள் கோட்டுப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துச் செவலைக்குப் போட்டாள். "நாலு நாளா லயமே மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரியுது. உங்க ஒருத்தருக்குத்தான் மணக்கல."

மாடசாமி உடுப்பைப் பார்த்தார். "அப்ப இது யாரு அளவு?"

"எந் தம்பி அழகையா அளவு. நேத்தே போட்டுப் பாத்துட்டான், கச்சிதமா இருக்கு."